எண்ணியது யார்?

என் பழைய நோட்டு ஒன்றில் ஒரு நாட்டின் மக்கள்தொகை இருக்கிறது. கல்லூரி இரண்டாம் ஆண்டில், மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாகப் பேசும் மாதிரி ஐ.நா. மாநாட்டுக்காக எழுதிய குறிப்பு. கோடி, லட்சம், ஆயிரம் எல்லாம் தாண்டி ஒற்றை இலக்கம் வரை விடாமல் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருக்கிறேன். அந்த எண்ணுக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் வேறொரு கையெழுத்தில் ஒரு சின்னக் கேள்வி: ‘எண்ணியது யார்?’ எழுதியவர் எங்கள் கல்லூரி நூலகர். பென்சில் எழுத்து பாதி அழிந்துவிட்டது. ஆனால் இன்றைக்கும் ஏதாவது ஒரு நாட்டைப் பற்றி ஏதாவது ஒரு எண்ணைப் படித்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் கேள்விதான்.

போன மாதம் என் தோழியின் தங்கை ஒரு கோப்பு அனுப்பியிருந்தாள். அவளும் இப்போது அதே மாதிரி ஒரு மாநாட்டுக்குத் தயாராகிறாள். அவளுக்கு விழுந்த நாடு லெபனான். நான்கு பக்கம், சுத்தமாக, தலைப்பு பிரித்து, மக்கள்தொகை, பொருளாதாரம், அகதிகள், வெளியுறவு என்று எல்லாம் இருந்தது. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டதாகச் சொன்னாள். கல்லூரி நூலகத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தாயா என்று கேட்டேன். “எல்லாம்தான் நெட்லயே இருக்கே அக்கா, அங்க போய் புதுசா என்ன தேடணும்?” என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் “போய்ப் பாரு, தெரியும்” என்று மட்டும் சொன்னேன். அது பதிலே இல்லை என்று போனை வைத்ததுமே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்தப் பதிவை அவளுக்கான பதிலாகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இரண்டு காங்கோ

எங்கள் மாநாட்டில் நாடுகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கு வந்தது காங்கோ ஜனநாயகக் குடியரசு. விவாதத் தலைப்பு, கனிம வளங்களும் ஆயுதக் குழுக்களும். அந்த நாட்டைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்தது வரைபடத்தில் ஆப்பிரிக்காவின் நடுவில் பெரிதாக இருக்கும் என்பது மட்டும்தான். அன்று இரவே தேட ஆரம்பித்து, இரண்டு நாளில் பன்னிரண்டு பக்கம் சேர்த்துவிட்டேன். கோபால்ட், செம்பு, கோல்டான் என்ற தாது, வைரம், போர், அகதிகள். எண்கள் நிறைய இருந்தன. எண்கள் நிறைய இருந்தால் நன்றாகப் படித்திருக்கிறோம் என்று ஒரு நிறைவு வருமே, அது எனக்கு வந்திருந்தது.

எங்கள் பேராசிரியர் அந்தப் பன்னிரண்டு பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாவது பக்கத்தில் விரலை வைத்தார். எண்ணெய் ஏற்றுமதியைப் பற்றி நான் எழுதியிருந்த பத்தி. அது வேறு காங்கோ. காங்கோ ஆற்றின் இந்தக் கரையில் என் நாட்டின் தலைநகர் கின்ஷாசா, எதிர்க்கரையில் மற்றொரு காங்கோவின் பிராசவில். ஒரு தலைநகரில் நின்று பார்த்தால் இன்னொன்று கண்ணுக்குத் தெரியும் தூரம். பெல்ஜியத்திடம் இருந்தது ஒன்று, பிரான்சிடம் இருந்தது இன்னொன்று. இரண்டும் 1960-இல் விடுதலை அடைந்து, இரண்டும் காங்கோ குடியரசு என்ற ஒரே பெயரை வைத்துக்கொண்டன. தலைநகரின் பெயரைச் சேர்த்துச் சொன்னால்தான் எது எது என்று தெரியும் என்ற நிலை சில ஆண்டுகள் இருந்தது. நான் பிராசவில்லின் எண்ணெயைக் கொண்டுவந்து கின்ஷாசாவின் கணக்கில் சேர்த்திருந்தேன். பேராசிரியர் திட்டவில்லை. “லைப்ரரிக்குப் போ, ரெஃபரன்ஸ் செக்‌ஷன்ல மேடம் இருப்பாங்க, அவங்கள பாரு” என்று மட்டும் சொன்னார்.

அதுவரை எனக்கு நூலகம் என்றால் பாடப்புத்தகம் எடுக்கும் இடம், பரீட்சை நேரத்தில் உட்கார்ந்து படிக்க மின்விசிறி உள்ள இடம். ரெஃபரன்ஸ் பகுதி கடைசி மூலையில் இருந்தது. வெளியே எடுத்துப்போக முடியாத கனமான புத்தகங்கள். அந்தப் பக்கம் யாரும் போய் நான் பார்த்ததில்லை.

மேடம் முதலில் என்னைக் கணினியில் நூல்பட்டியலைத் தேடச் சொன்னார். நாட்டின் பெயரைப் போட்டேன். ஏழெட்டுப் புத்தகம் வந்தது. “அவ்வளவுதான் மேடம் இருக்கு” என்றேன். ஒரு துண்டுத்தாளை எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கொடுத்தார். காங்கோ சுதந்திர அரசு, 1885 முதல் 1908 வரை. பெல்ஜியன் காங்கோ, 1960 வரை. காங்கோ-லியோபோல்ட்வில். அப்புறம் 1966-இல் நகரத்தின் பெயர் மாறியதால் காங்கோ-கின்ஷாசா. 1971 முதல் 1997 வரை சயீர். ஒவ்வொரு பெயரையும் போட்டுத் தேடத் தேட வேறு வேறு புத்தகங்கள் வந்தன. ஒரு பெயரில் மிஷனரிகளின் பயண நூல்கள், இன்னொரு பெயரில் ஐ.நா. படைகளைப் பற்றிய ஆய்வுகள், மற்றொன்றில் சர்வாதிகாரி மொபுட்டுவின் முப்பது ஆண்டு ஆட்சி. எழுதிய காலத்தில் அந்த மண்ணுக்கு என்ன பெயரோ அந்தப் பெயரில்தான் புத்தகம் இருக்கும். இன்றைய பெயரை மட்டும் தெரிந்துகொண்டு தேடுகிறவருக்கு இன்றைக்கு முந்தைய நாடு கிடைக்காது.

அலமாரியில் மட்டும் இந்தக் குழப்பம் இல்லை என்பதை அன்றே கவனித்தேன். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்புமுறையில் அந்த நாட்டின் வரலாறு 967.5 என்ற எண்ணைச் சுற்றியே இருந்தது. பெயர் எத்தனை முறை மாறினாலும் எல்லாப் புத்தகங்களும் அந்த ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரு நாட்டைப் பற்றி என்னென்ன எழுதப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பார்க்க, அந்தத் தட்டுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றாலே போதும். நான் அன்று ஒரு மணி நேரம் நின்றேன்.

மூலையில் இருந்த சிவப்பு வரிசை

இனி அந்தப் பென்சில் கேள்வி. மேடம் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

“ஏம்மா, இந்த எண்ணை எங்க எடுத்த?”

நாடுகள் பற்றிய ஒரு பிரபலமான இணையதளத்தின் பெயரைச் சொன்னேன்.

“அவங்க எங்க எடுத்தாங்க?”

தெரியவில்லை என்றேன்.

“சரி, எண்ணினது யாரு?”

கேள்வியே புரியவில்லை எனக்கு. மக்கள்தொகை என்றால் மக்கள்தொகை, அதை யாராவது எண்ணியிருப்பார்கள், அரசாங்கம் எண்ணியிருக்கும். அப்படித்தான் சொன்னேன். அவர் என் நோட்டின் ஓரத்தில் அந்த இரண்டு சொல்லை எழுதிவிட்டு எழுந்து, மூலையில் இருந்த ஒரு சிவப்பு அட்டை வரிசையிடம் கூட்டிப்போனார். ஸ்டேட்ஸ்மன்ஸ் இயர்புக். 1864-இலிருந்து ஆண்டுதோறும் வரும் நூல், உலகின் எல்லா நாடுகளுக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. எங்கள் நூலகத்தில் எல்லாத் தொகுதியும் இல்லை. நடுநடுவே பல் விழுந்த மாதிரி இடைவெளி. இருந்தவற்றில் பத்துப் பன்னிரண்டைத் தூக்கி மேசையில் அடுக்கினோம், பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம்.

“உன் நாட்டைக் கண்டுபிடி” என்றார்.

ஐம்பதுகளின் தொகுதியில் அது தனியாகவே இல்லை. பெல்ஜியத்தின் பகுதிக்குள், கடைசியில், அதன் உடைமையாக இருந்தது. அறுபதுகளில் காங்கோ என்று தனி இடத்துக்கு வந்தது. எழுபதுகளில் அங்கே காணோம். தேடித் தேடி, சயீர் என்று ஆங்கில அகரவரிசையின் கடைசிக்குப் போயிருந்தது. தொண்ணூறுகளின் முடிவில் மறுபடி காங்கோவாகத் திரும்பி வந்தது. ஒரு நாடு ஒரு புத்தக வரிசைக்குள் இப்படி இடம் மாறி இடம் மாறிப் போவதைப் பக்கம் புரட்டிப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்வை இப்போதும் சரியாகச் சொல்ல வரவில்லை. பாடத்தில் காலனி ஆதிக்கம், விடுதலை, சர்வாதிகாரம், உள்நாட்டுப் போர் என்று தனித்தனி அத்தியாயமாகப் படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அதெல்லாம் ஒரே இடத்துக்கு நடந்தது என்று உறைத்தது.

அப்புறம் மக்கள்தொகையைப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு தொகுதியாகப் போனேன். எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு கணக்கெடுப்பு வந்தது: 1984, ஏறக்குறைய மூன்று கோடிப் பேர். அடுத்த தொகுதியைத் திறந்தேன், 1984 கணக்கெடுப்பு, கூடவே மதிப்பீடு. அதற்கடுத்தது, 1984, கூடவே மதிப்பீடு. தொண்ணூறுகளைத் தாண்டி, இரண்டாயிரத்தைத் தாண்டி, வலப்பக்கத்தின் கடைசித் தொகுதி வரை வந்துவிட்டேன். கணக்கெடுப்பு என்று வந்த இடத்திலெல்லாம் அதே 1984.

“அதுக்கப்புறம் யாருமே எண்ணலையா மேடம்?”

“எண்ணல.”

இரண்டு போர்கள், பல லட்சம் பேர் இடம்பெயர்வு, ஆட்சி மாற்றம், சாலையே இல்லாத பெரும் நிலப்பரப்பு, கணக்கெடுப்புக்கான பணம் இல்லை. இதெல்லாம் காரணங்கள். இன்று அந்த நாட்டின் மக்கள்தொகை 10 கோடியைத் தாண்டிவிட்டது என்று ஐ.நா.வின் மக்கள்தொகைப் பிரிவு சொல்கிறது. அது எண்ணிய எண் இல்லை. 1984-இல் கிடைத்ததை அடிப்படையாக வைத்து, இடையில் நடந்த மாதிரி ஆய்வுகளிலிருந்து பிறப்பு விகிதம், இறப்பு விகிதம், குடிபெயர்வு ஆகியவற்றைக் கணித்து, ஆண்டுக்கு ஆண்டு முன்னால் நகர்த்தி வந்த எண். அந்தப் பிரிவின் ஆய்வாளர்கள் இதை மறைப்பதும் இல்லை, எந்த நாட்டுக்கு என்ன ஆதாரத்தை வைத்துக் கணித்தார்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். நான் பார்த்த இணையதளம்தான் அந்த விளக்கத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒற்றை இலக்கம் வரை காட்டியது. நானும் இரண்டு கோடு போட்டுக்கொண்டேன்.

நூல்களைப் பகுப்பதற்கு நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து அடிப்படைக் கூறுகளில் கடைசி இரண்டு இடமும் காலமும். ஒரு பொருளைப் பற்றிய நூல் எந்த இடத்தைப் பற்றியது, எந்தக் காலத்தைப் பற்றியது என்று கேட்டால்தான் அதற்குரிய எண்ணைத் தர முடியும். இதை மேடம்தான் பின்னொரு நாள் சொன்னார். நாடுகளைப் பற்றிப் படிக்கிறபோது எனக்கு இடம் மட்டும் நினைவில் இருந்தது, காலம் விட்டுப்போயிருந்தது. என் பன்னிரண்டு பக்கங்களில் எந்த எண்ணுக்குப் பக்கத்திலும் ஆண்டு இல்லை.

54 லட்சம்

இந்த மக்கள்தொகை விஷயம் ஒரு தகவல் திருத்தமாக முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அடுத்த வாரம் வேறொரு எண்ணில் வந்து முட்டினேன்.

காங்கோ போர்களைப் பற்றி எங்கே படித்தாலும் 54 லட்சம் பேர் இறந்தார்கள் என்று இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இவ்வளவு உயிர்களைக் குடித்த போர் வேறில்லை என்ற வரியும் கூடவே வரும். என் உரையின் முதல் வாக்கியமாகவே அதை வைத்திருந்தேன். மேடத்தின் கேள்வி மனதில் இருந்ததால் கல்லூரியின் ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் போய்த் தேடினேன். தேடக் கற்றுக்கொண்டதும் அந்த வாரம்தான். ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் அதன் அடிக்குறிப்பைப் பிடித்துப் பின்னால் போகலாம், அதை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பிடித்து முன்னால் போகலாம். வெறும் தேடுசொல்லை வைத்துக்கொண்டு இருட்டில் தடவுவதை விட இது எவ்வளவோ மேல். ஜேஸ்டோர் போன்ற தொகுப்புகளில் சில இதழ்களின் கடைசி மூன்று, ஐந்து ஆண்டுக் கட்டுரைகள் இருக்காது, அவற்றுக்கு வேறு தரவுத்தளம் போகவேண்டும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த 54 லட்சம், சர்வதேச மீட்புக் குழு என்ற உதவி அமைப்பு 2008-இல் வெளியிட்ட மதிப்பீடு, 1998 முதல் 2007 வரைக்கானது. அவர்கள் ஐந்து முறை ஆய்வு செய்தார்கள். வீடு வீடாகப் போய், இந்த வீட்டில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டார்கள். போர் நடக்கும் நாட்டில் அப்படிப் போவது சாதாரண வேலை இல்லை. அதிலிருந்து ஒரு இறப்பு விகிதம் கிடைக்கும். போர் இல்லாவிட்டாலும் இறந்திருக்கக்கூடியவர்களின் விகிதத்தை அதிலிருந்து கழிக்கவேண்டும். மீதியை மொத்த மக்கள்தொகையோடும் மாதங்களோடும் பெருக்கினால் போரினால் கூடுதலாக இறந்தவர்களின் எண்ணிக்கை. அவர்களில் பெரும்பாலோர் குண்டடி பட்டு இறந்தவர்கள் இல்லை. மலேரியா, வயிற்றுப்போக்கு, நிமோனியா, ஊட்டச்சத்துக் குறைவு. மருத்துவமனை மூடியதால், காட்டுக்குள் ஓடியதால், மருந்து வராததால் இறந்தவர்கள்.

போர் இல்லாத காலத்து விகிதம் என்ன என்பதில்தான் சிக்கல். அதற்கு நம்பகமான பதிவு கிடையாது. எனவே சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவின் சராசரியை, ஆயிரம் பேருக்கு மாதம் 1.5 என்பதை, எடுத்துக்கொண்டார்கள். கனடாவின் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழு 2010-இல் இதைக் கேள்வி கேட்டது. காங்கோ போருக்கு முன்பே மிக மோசமான நிலையில் இருந்த நாடு, அங்கே சாதாரண காலத்திலும் சராசரியை விட அதிகம் பேர் இறந்திருப்பார்கள், 1.5-க்குப் பதில் 2 என்று வைத்தால் கடைசி மூன்று ஆய்வுகளின் காலத்துக்கான எண் 28 லட்சத்திலிருந்து 9 லட்சத்துக்கும் கீழே போய்விடும் என்றது. முதல் இரண்டு ஆய்வுகள் நாடு முழுவதையும் பிரதிபலிக்கவில்லை என்பது அவர்களின் இன்னொரு விமர்சனம். வாக்காளர் பதிவை வைத்துக் கணக்கிட்ட பெல்ஜிய மக்கள்தொகை ஆய்வாளர்கள் இருவர், 1998 முதல் 2004 வரைக்கு வந்து நின்றது சுமார் 2 லட்சத்தில். ஒரே போர், 2 லட்சம், 54 லட்சம்.

இதைப் படித்துவிட்டு நூலக மேசையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கழிக்கவேண்டிய விகிதமும் தெரியாது, பெருக்கவேண்டிய மக்கள்தொகையும் தெரியாது. எல்லாம் அந்த 1984-இல் போய் நின்றது. ஒரு நாட்டில் உயிரோடு இருப்பவர்களை எண்ணாமல் விட்டால், இறந்தவர்களையும் எண்ண முடியாமல் போய்விடுகிறது. இது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது. இறந்தவர்களின் எண்ணிக்கையில் கூட்டல் கழித்தல் போட்டுக்கொண்டிருப்பது சரிதானா என்ற கூச்சமும் இருந்தது. எண்ணைக் குறைத்துச் சொன்னால் அவர்களுக்குத் துரோகம் செய்கிற மாதிரி. ஆனால் அந்த ஆய்வாளர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய மறுப்புகளைப் படிக்கப் படிக்க, இரண்டு பக்கமும் அந்த மக்கள்மேல் இருந்த அக்கறை தெரிந்தது. ஒவ்வொருவரும் தன் கணக்கை மேசைமேல் விரித்து வைத்திருந்தார்கள், எங்கே தவறியிருக்கலாம் என்பதோடு சேர்த்து. நான் உரையின் முதல் வாக்கியத்தை மாற்றினேன். “எங்கள் நாட்டில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று இந்த அவைக்கு என்னால் சொல்ல முடியாது. எங்களை யாரும் கடைசியாக எண்ணியது 1984-இல்” என்று தொடங்கினேன். அவை அமைதியாக இருந்தது நினைவிருக்கிறது. பரிசு எதுவும் வரவில்லை.

அந்த மாநாட்டுக்குத் தயாரானபோது படித்ததில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஐ.நா. ஆவணங்கள். 1946-இலிருந்து உலகம் முழுக்கப் பல நூலகங்களுக்கு ஐ.நா. தன் ஆவணங்களை அனுப்பி, அங்கே பொதுமக்கள் பார்க்கலாம் என்று ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. எங்கள் கல்லூரி அதில் இல்லை, ஆனால் மேடம் எனக்கு ஐ.நா.வின் மின்நூலகத்தில் தேடக் காட்டிக் கொடுத்தார். காங்கோ விடுதலை பெற்றது 1960 ஜூன் 30. இரண்டு வாரத்தில், ஜூலை 14-இல், பாதுகாப்பு அவையின் 143-ஆம் தீர்மானம், ஐ.நா. படை அனுப்ப வழிசெய்தது. அந்த நாட்களின் விவாதங்கள் சொல்லுக்குச் சொல் பதிவாகியிருக்கின்றன. யார் எழுந்தார், என்ன சொன்னார், யார் மறுத்தார் எல்லாம். அடுத்த ஆண்டு செப்டம்பரில், காங்கோவின் கட்டாங்கா மாகாணத்தில் சண்டையை நிறுத்தப் பேசப் போன பொதுச்செயலாளர் டாக் ஹமர்ஷோல்ட் விமான விபத்தில் இறந்தார். நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் இருக்கும் நூலகத்துக்கு அந்த ஆண்டே அவர் பெயரை வைத்தார்கள். நான் காங்கோவைப் பற்றித் தேடிய ஆவணங்களைக் காத்து வைத்திருக்கும் நூலகம், காங்கோவுக்காகப் போய் இறந்தவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அன்று இதை மேடத்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது.

பழைய தொகுதிகள்

தோழியின் தங்கை கேட்ட கேள்விக்கு வருகிறேன். நெட்டில் எல்லாம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. உலக வங்கி 2010-இல் தன் தரவுகளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அது பெரிய காரியம், அதற்கு முன்பு அந்தத் தரவைப் பார்க்க நூலகம் சந்தா கட்டியிருக்கவேண்டும். ஆனால் இணையப் பக்கத்துக்கு ஒரு சுபாவம் உண்டு. புதிய எண் வந்ததும் பழையது மறைந்துவிடும்.

நைஜீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஏப்ரலில் அந்த நாட்டின் புள்ளியியல் அலுவலகம் மொத்த உள்நாட்டு உற்பத்தியைக் கணக்கிடும் அடிப்படை ஆண்டை 1990-இலிருந்து 2010-க்கு மாற்றியது. 1990-இல் கைபேசித் துறை என்று ஒன்று இல்லை, திரைப்படத் துறை இன்றைய அளவில் இல்லை. பழைய அளவுகோல் அவற்றைச் சரியாகப் பிடிக்கவில்லை. புதிய அளவுகோலை வைத்ததும் பொருளாதாரத்தின் அளவு 89 சதவீதம் கூடிவிட்டது. ஒரே அறிவிப்பில் தென்னாப்பிரிக்காவைத் தாண்டி ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய பொருளாதாரம் ஆனது. அன்று காலையில் நைஜீரியாவில் ஒருவர் சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லை. கானாவில் 2010-இலேயே இப்படி நடந்து, 60 சதவீதத்துக்கு மேல் கூடியது. இப்போது இணையத் தரவுத்தளத்தில் நைஜீரியாவின் 2011-ஆம் ஆண்டு எண்ணைப் பார்த்தால் திருத்திய எண்தான் கிடைக்கும். 2011-இல் உலகம் நைஜீரியாவை எவ்வளவு பெரியது என்று நினைத்துக்கொண்டிருந்தது, எதை நம்பி கடன் கொடுத்தது, எதை நம்பிக் கொள்கை வகுத்தது என்று தெரிய அந்த ஆண்டு அச்சான தொகுதி வேண்டும்.

அதனால்தான் எனக்கு ஒரு விஷயத்தில் கோபம் வருகிறது. நான் பிறகு வேலை செய்த ஒரு கல்லூரியில், இடம் போதவில்லை என்று ரெஃபரன்ஸ் பகுதியின் பழைய ஆண்டு நூல்களை எடைக்குப் போட்டார்கள். புதிய பதிப்பு இருக்கிறதே, பழையது எதற்கு என்பது வாதம். பாடப்புத்தகத்துக்கு அது பொருந்தலாம். ஆண்டு நூலுக்குப் பொருந்தாது. இருபது ஆண்டுத் தொகுதிகள் வரிசையாக இருந்தால், ஒரு நாட்டைப் பற்றி உலகம் என்ன நினைத்தது, எப்போது மாற்றிக்கொண்டது என்ற முழுக் கதை அதில் இருக்கிறது. கடைசித் தொகுதியை மட்டும் வைத்துக்கொண்டால் முடிவு மட்டும்தான் மிஞ்சும். நான் மூட்டை கட்டுவதற்கு முன்பு கேட்டு, யூரோப்பா வேர்ல்ட் இயர் புக்கின் நான்கு பழைய தொகுதிகளை வாங்கிக்கொண்டேன். வீட்டில் அலமாரி தாங்கவில்லை, தரையில் வைத்திருக்கிறேன்.

நூலகமும் எல்லாவற்றையும் தந்துவிடவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. 967.5 தட்டில் இருந்த புத்தகங்களை எழுதியவர்களில் காங்கோக்காரர் மிகச் சிலர். பெல்ஜியர், அமெரிக்கர், பிரிட்டிஷார், பிரெஞ்சுக்காரர். அந்த நாட்டவர் எழுதியதில் பெரும்பகுதி பிரெஞ்சில் இருக்கும், எனக்குப் பிரெஞ்சு தெரியாது. லிங்காலா, சுவாஹிலி பேசும் சுரங்கத் தொழிலாளி என்ன நினைக்கிறார் என்பது எங்கள் அலமாரியில் இல்லை. ஆயுதக் குழுக்களுக்குப் பணம் போவதைத் தடுக்க 2010-இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டத்தை நான் முழுமனதோடு ஆதரித்து எழுதியிருந்தேன். அதே ஆண்டு செப்டம்பரில் காங்கோ அதிபர் கிழக்கு மாகாணங்களில் சுரங்க வேலையையே சில மாதங்கள் நிறுத்திவைத்தார். கையால் தோண்டிப் பிழைத்தவர்களுக்கு வருமானம் நின்றுபோனது. இதை அங்கே களத்தில் இருந்தவர்களின் கட்டுரைகளைப் படித்துத்தான் அறிந்தேன், அவற்றில் ஒன்றை மேடம் வேறொரு நூலகத்திலிருந்து நூலகக் கடனாக வரவழைத்துக் கொடுத்தார். வந்துசேர மூன்று வாரம் ஆனது. மாநாடு முடிந்துவிட்டது. ஆனாலும் போய் வாங்கிப் படித்தேன்.

படிப்பு முடிந்ததும் கல்லூரிக் கணக்கு மூடப்பட்டது. ஒரு நாள் காலையில் கடவுச்சொல் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். அதுவரை என் மேசையில் இருந்த ஆயிரக்கணக்கான இதழ்கள் பூட்டின பக்கம் போய்விட்டன. ஐ.நா. ஆவணங்களும் உலக வங்கித் தரவும் எப்போதும் திறந்திருக்கின்றன. ஜேஸ்டோரில் தனிக் கணக்கு தொடங்கினால் ஒரு அளவு வரை இலவசமாகப் படிக்கலாம். மீதிக்கு ஒவ்வொரு கட்டுரைக்கும் பணம். இப்போது கல்லூரியில் இருப்பவர்களுக்கு அந்தப் பூட்டு திறந்திருக்கிறது, அது எத்தனை நாளைக்கு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் சுருக்கி, போன வாரம் அவளுக்கு ஒரு நீண்ட குரல் செய்தியாக அனுப்பினேன். லெபனானைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. உன் முதல் பக்கத்தில் இருக்கும் மக்கள்தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு ரெஃபரன்ஸ் பகுதிக்குப் போ, கடைசியாக எந்த ஆண்டு எண்ணினார்கள் என்று பார் என்றேன்.

நேற்று மாலை ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஏதோ ஒரு ஆண்டு நூலின் பக்கம், அவள் விரல் ஒரு வரியின்மேல். கீழே எழுதியிருந்தாள்: “அக்கா, கடைசி சென்சஸ் 1932-ன்னு போட்டிருக்கு. பிரிண்ட் மிஸ்டேக்கா?”

அச்சுப் பிழை இல்லை என்று பதில் போட்டேன். பிரெஞ்சு ஆட்சியில் எடுத்த அந்தக் கணக்கில் முஸ்லிம்களை விடக் கிறிஸ்தவர்கள் சற்றே அதிகம். அதை வைத்துத்தான் அதிபர் யார், பிரதமர் யார், நாடாளுமன்றத்தில் ஆறுக்கு ஐந்து என்று பங்கு பிரித்தார்கள். 1989-இல், உள்நாட்டுப் போரை முடிக்கச் செய்துகொண்ட தாயிஃப் ஒப்பந்தம் அதைச் சரிபாதியாக மாற்றும் வரை அந்த விகிதம் நின்றது. மறுபடி எண்ணினால் அந்தப் பங்கீடு என்ன ஆகும் என்ற பயத்தில் அதற்குப் பிறகு எந்த அரசும் அதிகாரப்பூர்வக் கணக்கெடுப்பு நடத்தவில்லை. இவ்வளவையும் தட்டச்சு செய்துவிட்டு, அனுப்புவதற்கு முன்னால் முதல் வரியைத் தவிர மற்றதை அழித்துவிட்டேன். அவள் இன்னும் நூலகத்தில்தான் இருந்தாள்.